குங்கிலியம் பூசிய முன் கண்ணாடி

கார்க் கண்ணாடி வேலையில் நானாகவே கண்டுபிடித்த சங்கதி ஒன்று உண்டு. அது நாலு பேரை லாக்கப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. மெக்கானிக் சங்கத்துத் தம்பிகள் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டபோது, நான் எத்தனை கார்களைக் காப்பாற்றினேன் என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். அதையும் எழுதலாம், நிறையவே இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவிடைமருதூர் வரைக்கும் கார்க் கண்ணாடி என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், படகுக்காரன் மகன், கடலுக்குப் போக வேண்டியவன் காருக்கு வந்தேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சத்தத்தை வைத்தே கதவுக்குள் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லுவேன், வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுங்கள்.

ஆனால் அதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

கோட்டையில் ஆட்சி மாறி, கடைத்தெரு முழுக்கப் புதுக் கொடி ஏறியிருந்த சமயம் அது. வயல்புறத்தில் முன்பே ஏறியிருந்த சிவப்புக் கொடி இறங்கவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்காமல் நின்றார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிவந்து வயலில் இறக்கினார்கள். காலையில் சந்தைக்குப் போனால் சாயங்காலம் எந்த ஊரில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும்.

நான் நீடாமங்கலத்தில் பட்டறை போட்டிருந்தேன். பக்கத்துக் கிராமத்து மிராசுதார் ஒருவர் என் வாடிக்கை. அவரிடம் பெரிய கார் ஒன்றும், எங்கோ பழையதாக வாங்கிய சின்னக் கார் ஒன்றும் இருந்தன. வாய்க்கால் கரைப் பாதையில் பெரிய கார் திரும்பாது என்பதால் வயல் சுற்றிப் பார்க்கச் சின்னக் கார்தான். பழைய சின்னக் காருக்கு என்னென்ன வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி திடீரென்று கதவுக்குள் விழுந்துவிடும். ஹேண்டிலைச் சுற்றினால் சும்மா சுற்றும். களத்துமேட்டுத் தூசியும் பதரும் கதவின் அடியில் இருக்கிற தண்ணீர் போகும் துளையை அடைத்துக்கொண்டு, உள்ளே மழைத் தண்ணீர் நின்று தகடு இற்றுப்போகும். இதெல்லாம் எனக்கு அரை மணி வேலை.

அந்தக் காரில் அடங்காமல் நின்றது முன் கண்ணாடி ஒழுக்கு. ஐப்பசி மழையில் இடது கீழ் மூலை வழியாக உள்ளே சொட்டும். கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை மாற்றினேன், ஒழுகியது. மறுபடி மாற்றினேன், மறுபடியும் ஒழுகியது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மிராசுதாரின் பட்டுக்கரை வேட்டி நனைந்தது.

"ஏம்ப்பா, காருக்குள்ள குடை புடிக்கணுமா நான்?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கடல் தண்ணீர் புகாமல் அடைக்கத் தெரிந்த குடும்பம் எங்களுடையது. மழைத் தண்ணீர் எம்மாத்திரம்? ஊருக்குப் போய், படகு அடைக்கிற பிசினான குங்கிலியம் வாங்கிவந்தேன். எண்ணெய் விட்டுக் காய்ச்சி, சூட்டோடு பஞ்சில் தோய்த்து, பீடிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் அந்த மூலை முழுக்கத் திணித்து அடைத்தேன். படகுக்குக் காய்ச்சுவதைவிட இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவே காய்ச்சினேன். அடுத்த மழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

எனக்குத் தலை கால் புரியவில்லை. யார் முன் கண்ணாடி ஒழுகுகிறது என்று வந்தாலும் குங்கிலியம்தான். தஞ்சாவூர் டாக்டர், திருத்துறைப்பூண்டி வக்கீல், திருவிடைமருதூரில் ஜவுளிக் கடைக்காரர் என்று ஒன்பது காருக்குப் பூசினேன். நான் தொழில் பழகிய கும்பகோணத்துப் பட்டறைக்காரர் ஒருமுறை பஸ்ஸில் வந்து இறங்கி, என் வேலையை விரலால் அழுத்திப் பார்த்தார். "கண்ணாடி சட்டத்துல மிதக்கணும்டா. நீ அதைக் கட்டிப் போட்டிருக்கே" என்றார். வயசானவர், புதுசு புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாசி மாதம், வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மிராசுதார் வீட்டு டிரைவர் கோவிந்தராசு சைக்கிளை மிதித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"அண்ணே, காரைக் கல்லால அடிச்சுட்டானுங்க. மதகுகிட்ட. முன் கண்ணாடி போச்சு."

"முதலாளிக்கு?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. கூலி கேட்டு நிக்கறவனுங்கள்ல நாலு பேரைப் போலீஸ் புடிச்சுட்டுப் போயிடுச்சு. நீங்க வந்து கண்ணாடியக் கழட்டணுமாம். வாங்க."

நான் போனபோது வீட்டு வாசலில் மிராசுதாரின் ஆட்கள் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லார் கையிலும் கம்பு. சிலர் கையில் அரிவாள். அறுக்கிற அரிவாள் இல்லை, தம்பிகளா. ஒருவன் இன்னொருவனிடம், "அந்தத் தெருவுல கூரை இருந்தாத்தானே ராத்திரி கூடிப் பேசுவானுங்க?" என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்று நடுவதைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னான். கூலிக்காரர்களின் குடிசைகளைக் கொளுத்தப் பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்டு உள்ளே போனேன்.

காம்பவுண்டுக்குள் சின்னக் கார் நின்றது. இன்றைக்கு வருகிற முன் கண்ணாடிகளின் நடுவில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, உடைந்தாலும் நட்சத்திரம் மாதிரி கீறி நிற்கும். அன்றைய கண்ணாடி அப்படி இல்லை. ஓர் இடத்தில் கீறல் விட்டால் மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டுப் பொடி மாதிரி வெளுத்துவிடும். எதிரே எதுவும் தெரியாது. அந்தக் காரிலும் கண்ணாடி முழுக்க வெளுத்துச் சட்டத்திலேயே நின்றது. டிரைவர் பக்கம் மட்டும் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து காரின் நிலையைக் குறிக்கும் பார்வை மகசர் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மிராசுதார் சொன்னார்: "இவன்தான். கண்ணாடி விஷயத்துல இந்த ஜில்லாவுலயே ஆளு. இவன் கையெழுத்து இருக்கட்டும்."

"ஏய்யா, கல்லடியில உடைஞ்சதுன்னு பாத்துச் சொல்லிக் கையெழுத்துப் போடு. உனக்குக் கையெழுத்து வரும்ல?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வருங்க" என்றேன். மூன்றாம் வகுப்புக்காரன் சர்க்கார் காகிதத்தில் நிபுணனாகக் கையெழுத்துப் போடப் போகிறேன். வெறும் கையெழுத்தாகப் போட்டுவிட மனசு வரவில்லை. கல் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து வந்தது என்று அளந்து சொல்லி எல்லாரையும் அசத்த வேண்டும் என்று தோன்றியது. குனிந்து பார்த்தேன்.

ஒரு கண்ணாடி நொறுங்கும்போது முதலில் கீறல் விட்ட இடத்திலிருந்து கோடுகள் விசிறி மாதிரி விரியும். ஓட்டையைச் சுற்றிக் கோடுகள் விரிந்திருக்க வேண்டும். விரியவில்லை. ஓட்டையை அவை சட்டை செய்யாமல் குறுக்கே கடந்து போயின. எங்கிருந்து வருகின்றன என்று விரலை வைத்துக்கொண்டே பின்னோக்கிப் போனேன். விரல் இடது கீழ் மூலையில், பீடிங்குக்கு அடியில் போய் நின்றது.

பீடிங்கை நகத்தால் நெம்பினேன். அது வளையவில்லை. அடியில் என் குங்கிலியம் கறுப்பாக, பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் சிக்கிய கண்ணாடி விளிம்பில் இரண்டு துண்டு மட்டும் கொஞ்சம் பெரிசாக, ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டிருந்தன. எல்லாக் கோடும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறந்திருந்தது.

நான் அப்படியே மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதகு மேட்டில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருக்கும், பாடி முறுக்கியிருக்கும், வெயிலில் சட்டம் நீண்டிருக்கும். மிதந்திருந்தால் கண்ணாடி நகர்ந்து கொடுத்திருக்கும். நான் அதைக் கட்டிப் போட்டிருந்தேன். இது கல் உடைத்த கண்ணாடி இல்லை.

கோவிந்தராசுவை ரேடியேட்டர் பக்கம் இழுத்து மெதுவாகக் கேட்டேன். "இந்த ஓட்டை ஏது?"

"நான் போட்டதுண்ணே. டம்முனு துப்பாக்கி மாதிரி சத்தம், எதிர்ல ஒண்ணும் தெரியல. முதலாளி கல்லு கல்லுன்னு கத்துறாரு. நிறுத்துனா அடிச்சே போட்டுருவானுங்க. கையில துண்டைச் சுத்திக் குத்தி ஓட்டை போட்டுக்கிட்டு ஓட்டியாந்தேன்."

"கல்லைப் பாத்தியா?"

"பாக்கல. ஆனா மதகுல அவனுங்கதானே நின்னானுங்க? வேற யாரு?"

அவன் பொய் சொல்லவில்லை. அங்கே யாருமே பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கண்ணாடியைக் கழற்றுகிற சாக்கில் இரண்டு நெம்பு நெம்பினால் குங்கிலியம் தூளாகிக் கீழே விழும். பெருக்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. உங்களிடம் மறைக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அந்த மூலையில் வைத்தேவிட்டேன்.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு பெண்பிள்ளை குரல். காவல்காரன் அவளைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தான். பிடித்துப்போனவர்களில் முருகையன் என்று ஒருவன், அவனுடைய பெண்சாதி. என்னை அவளுக்குத் தெரியாது. கண்ணாடி பார்க்கிற ஆள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேஸ்திரி! கண்ணாடிக்காரரே! நீங்க பாத்துச் சொல்லுங்க! எம்புருசனா ஒடச்சான்? கண்ணால பாத்துச் சொல்லுங்க!"

காவல்காரன் கம்பை ஓங்கினான். வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் அந்தக் கூலிக்காரத் தெருவைக் கொளுத்தப் போவதற்கு என் ஒரு கையெழுத்துதான் பாக்கி என்பது மாதிரி எனக்குப் பட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டேன்.

"சார், இது கல்லடி இல்லீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்காமலே நிமிர்ந்தார். "என்னய்யா?"

"கல்லு படலீங்க. கண்ணாடி தானா விட்டிருக்கு. நான் பண்ணுன வேலையால விட்டிருக்கு."

"தானா உடையுமா? யோவ், ஒருத்தன் ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டான்யா! நான்தான் அடிச்சேன்னு முருகையன் வாயாலயே சொல்லிட்டான். நீ என்ன புதுசாக் கதை சொல்ற?"

இது என்னை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. அவனே ஒத்துக்கொண்ட பிறகு நான் யார்? ஆனால் கோடு மூலைக்குத்தான் போகிறது. எவன் என்ன சொன்னாலும் கோடு மூலைக்குத்தான் போகிறது.

"அடிச்சாச் சொல்லுவாங்க சார். கண்ணாடி அப்படிச் சொல்லாது. வந்து பாருங்க."

எழுந்து வந்தார். அவர் விரலைப் பிடித்து, ஆமாம், போலீஸ்காரர் விரலைப் பிடித்து, கோட்டின் மேல் வைத்து மூலைக்குக் கொண்டுபோனேன். இன்னொரு கோடு. இன்னொன்று. மூன்றாவதில் அவரே விரலை ஓட்டினார்.

மிராசுதார் பின்னாலிருந்து சொன்னார்: "ஏன், கல்லு அந்த மூலையிலயே பட்டிருக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. வக்கீல் கேட்டிருக்க வேண்டியது.

"விட்ட இடம் ரப்பருக்கு அடியில இருக்குங்க. ரப்பரைக் கிழிக்காம கல்லு உள்ள போவாது. ரப்பர்ல ஒரு கீறல் இருந்தாக் காட்டுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

யாரும் காட்டவில்லை. நான் பீடிங்கை அறுத்து விலக்கிக் கறுப்புக் கட்டியைக் காட்டினேன்.

"என்னய்யா இது?"

"குங்கிலியங்க. படகுக்கு அடைக்கிறது. ஒழுகாம இருக்கட்டும்னு நான்தான் பூசுனேன். கண்ணாடியை அசைய விடாமப் பண்ணிடுச்சு."

மிராசுதார் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "படகுக்குப் பூசுறதையாடா எங்காருக்குப் பூசுனே?" என்றார். கம்பு வைத்திருந்தவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். "அப்ப ஆத்துல தண்ணி வந்தா மிதக்கும்டா" என்றான் இன்னொருவன். வாசல் முழுக்கச் சிரிப்பு. ஜில்லாவிலேயே ஆள் என்று சொன்ன அதே வாசலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் எரிகிறது. ஆனால் சிரிக்கும்போது அவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் லத்தியால் குங்கிலியத்தைத் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது. "கல்லைத் தேடி வாய்க்கால்ல ரெண்டு கான்ஸ்டபிள் எறங்கியிருக்கான். கல்லு காருக்குள்ளயே இருக்கு" என்றார். கோவிந்தராசு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே, ஓட்டை தான் போட்டது என்று சொன்னான்.

"எழுதிக் குடுப்பியா? நாளைக்குக் கோர்ட்டுல மாத்திப் பேசக் கூடாது."

எழுதிக் கொடுத்தேன். அரை பக்கம் எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். ‘என் வேலைத் தப்பால்’ என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. மிராசுதார் ஆட்களைக் கையைக் காட்டி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்றார். ஏறவில்லை. அவர் சொந்தக்காரர்கள் வீட்டு வாசற்படியும் அதோடு போயிற்று. பொழுது சாய்வதற்குள் நாலு பேரையும் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மற்ற எட்டுக் கார்களையும் தேடிப் போனேன். கூப்பிடாமல் போய், நான் அடைத்ததை நானே சுரண்டி எடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், ஒருவர் காரையே தொட விடவில்லை. திருவிடைமருதூரில்தான் எனக்கு இடி விழுந்தது. அந்த ஜவுளிக் கடைக்காரர் காரின் முன் கண்ணாடி தை மாதமே ஒருமுறை உடைந்து, நான்தான் புதுசு போட்டுக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டில் எறிந்தது என்றார்கள், நானும் ஆமாம் என்றேன். அந்தப் பிள்ளைகளை வாத்தியார் பிரம்பால் விளாசியிருக்கிறார். புதுக் கண்ணாடிக்கும் நான் குங்கிலியம் பூசிவிட்டு வந்திருந்தேன். முதல் தடவையே குனிந்து பார்த்திருந்தால் மதகு வரைக்கும் வந்திருக்காது.

தம்பிகளா, உடைந்த பொருளை உங்களிடம் கொண்டுவரும்போது யார் உடைத்தது என்ற கதையும் கூடவே வரும். ஊரே சேர்ந்து சொல்லும், பிடிபட்டவனே ஒத்துக்கொண்டும் இருப்பான். கதையைக் காது கேட்டுக்கொள்ளட்டும், விரல் கோட்டின் மேலேயே இருக்கட்டும். கோடு உங்கள் வேலையில் வந்து நின்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதற்கு மேலும் ஒன்று நடந்தது. அதற்கு என்ன பாடம் என்று எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து முருகையன் பட்டறைக்கு வந்தான். அன்றைக்குத்தான் அவனை முதன்முதலாகப் பார்க்கிறேன். முன்பல் ஒன்று போயிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. டயர் மேல் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நெசமாவே அது தானா ஒடஞ்சுதுங்களா? இல்ல, எங்களுக்காவச் சொன்னீங்களா?"

"என்னப்பா இப்படிக் கேக்கறே? நான் கண்ணால பாத்துட்டுத்தான் சொன்னேன். ஏன், நீ எறிஞ்சியா?"

அவன் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ரயில் ரோட்டுலேர்ந்து ஒரு ஜல்லி எடுத்தாந்து ரெண்டு நாளா மடியில வச்சிருந்தேங்க. நம்ம வயக்காட்டுல ஏது கல்லு? அன்னிக்கு மதகுல காரு ஏறுது. கையில எடுத்து ஓங்குனேன். அவ்வளவுதான் தெரியும். டம்முன்னுச்சு. கண்ணாடி வெள்ளையாப் போச்சு. காரு போயிடுச்சு. கையப் பாத்தா கல்லு கையிலயே இருக்கு."

நான் அவன் கையைப் பார்த்தேன். "கையிலயே இருந்துச்சுல்ல? அப்புறம் எதுக்கு ஸ்டேஷன்ல நீ அடிச்சேன்னு ஒத்துக்கிட்டே? அடி தாங்கலையா?"

"அடிக்காக இல்லீங்க. ரெண்டு நாளா வேற நெனப்பே இல்ல எனக்கு. கல்ல வாய்க்கால்ல போட்டுட்டு நடந்து போறேன், வலது கை நடுங்குது. எறிஞ்ச கை எப்படி வலிக்கும், அப்படி வலிக்குது. கல்லு கையில இருந்தா என்ன, நாந்தானே ஒடச்சேன்னு பட்டுச்சு."

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் எறியலங்கறது நீங்க சொல்லித்தாங்க எனக்கே தெரியும்" என்றான்.